அக்காவுக்கு நான் போட்ட எக்செல் ஷீட்

ஐந்தாவது செமஸ்டர். இரண்டாவது இன்டர்னலுக்கு முந்தின ராத்திரி. ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஹீட் டிரான்ஸ்ஃபர் நோட்ஸைப் புரட்டிக்கொண்டிருந்தேன். (படித்துக்கொண்டிருந்தேன் என்று எழுதினால் ரூம்மேட் சிரிப்பான்.) ஜெர்மனியிலிருந்து அக்கா வீடியோ கால்.

"டேய் ஆட்டோமொபைல் இன்ஜினியர், ஒரு டவுட்டு. கார் வாங்கப் போறேன். ரெண்டு வண்டி பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு மேல திறக்கும், இன்னொண்ணு திறக்காது. எதுடா வாங்கட்டும்?"

மூன்று வருஷமாக இந்த டிபார்ட்மென்ட்டில் இருக்கிறேன். சொந்தக்காரர்கள் இதுவரை என்னிடம் கேட்ட ஒரே டெக்னிக்கல் கேள்வி, "தம்பி, ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகல, கொஞ்சம் பாரேன்" என்பதுதான். முதல் தடவையாக ஒருவர் ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றி ஆலோசனை கேட்கிறார். ஹீட் டிரான்ஸ்ஃபர் எங்கேயும் போகாது என்று நோட்டை மூடினேன்.

அக்கா ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறாள். என்னைவிட ஏழு வயது மூத்தவள். வீட்டுக் கடனை அடைத்தது அவள், என் காலேஜ் ஃபீஸ் கட்டுவதும் அவள். ஊரில் இருந்தவரை ஸ்கூட்டர் ஓட்டக்கூட அவளை விட்டதில்லை. ஜெர்மனியில் நம்ம ஊர் லைசென்ஸ் ஆறு மாசம்தான் செல்லும். அதற்கு மேல் ஓட்ட எழுத்துத் தேர்வு, ஓட்டுத் தேர்வு இரண்டிலும் பாஸ் ஆகணும். அவளிடம்தான் நம்ம ஊர் லைசென்ஸே இல்லையே. அங்கே போய் அடிப்படையிலிருந்து கற்று, கியர் வண்டியிலேயே பாஸ் ஆனாள். இப்போது தனக்கென்று முதன்முதலாக ஒரு பெரிய பொருள் வாங்கப் போகிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த ராத்திரி ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டுமே பழைய வண்டி. விலையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது டொயோட்டா ஜிடி86. கூபே. அதாவது இரண்டு கதவு, நிரந்தரமான கூரை, பின்பக்கம் சரிந்து இறங்கும் வடிவம். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்து 2012-ல் விற்பனைக்கு வந்தது. 2 லிட்டர் பாக்ஸர் இன்ஜின்: சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காமல் இரண்டு பக்கமும் படுத்திருக்கும். அதனால் வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 460 மில்லிமீட்டரில், முழங்கால் உயரத்தில் இருக்கிறது. பின்னால் சீட் என்ற பெயரில் இரண்டு பள்ளம். பை வைக்கலாம், சித்தப்பாவை வைக்க முடியாது.

இரண்டாவது மாஸ்டா எம்எக்ஸ்-5. 2015-ல் வந்த நான்காவது தலைமுறை. இரண்டே சீட். மேலே துணிக் கூரை. மோட்டார் கிடையாது. கொக்கியைத் தளர்த்தி, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கையால் பின்னால் தள்ளினால் கூரை மடங்கி ஒளிந்துகொள்ளும். கன்வெர்ட்டிபிள்.

நான் யோசிக்கவே இல்லை. "இரு"ன்னு சொல்லி, ரூமிலிருந்து ஒரு தீப்பெட்டி எடுத்துவந்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். உள்பெட்டியை மட்டும் வெளியே எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து எதிரெதிர்ப் பக்கம் முறுக்குங்கள். சுலபமாக முறுக்கிக்கொள்ளும். இப்போது அதை மேலுறைக்குள் தள்ளிவிட்டு மறுபடி முறுக்குங்கள். விறைத்துக்கொண்டு நிற்கும்.

"பாத்தியா? கூபேல கூரைங்கிறது மழைக்குப் பிடிக்கிற குடை இல்ல. அதுவும் பாரம் தாங்குது. அத எடுத்துட்டா வண்டி இந்த உள்பெட்டி மாதிரி. ஒரு சக்கரம் பள்ளத்துல இறங்குனா பாடியே முறுக்கிக்கும். ஸ்டியரிங் ஆடும், கண்ணாடி ஃபிரேம் அதிரும். சஸ்பென்ஷன் செய்ய வேண்டிய வேலைய பாடி கெடுத்துடும்."

இத்தோடு விட்டிருக்கலாம். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் வாங்கிய மார்க் சும்மா இருக்க விடவில்லை. ஒரு மெல்லிய உருண்டைக் குழாயை எடுத்து, நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போட்டால், அதன் முறுக்கு விறைப்பு எத்தனை மடங்கு குறையும்? ஆரத்தைத் தகட்டின் தடிமனால் வகுத்து, வர்க்கப்படுத்தி, மூன்றால் பெருக்கணும். 20 மில்லிமீட்டர் ஆரம், 1 மில்லிமீட்டர் தடிமன் என்றால் 1,200 மடங்கு. எடுத்தது ஒரு கீறல், போனது 1,200 மடங்கு. இதையும் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

விடியற்காலை இரண்டு மணிக்கு ஒரு எக்செல் ஷீட் அனுப்பினேன். எட்டு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். முறுக்கு விறைப்பு, எடை, பூட் இடம், பின் சீட், நெடுஞ்சாலைச் சத்தம், குளிர்காலம், உருண்டால் பாதுகாப்பு, திருட்டு பயம். கூபே 63, கன்வெர்ட்டிபிள் 38. கீழே சிவப்பு எழுத்தில் ஒரு வரி: "இன்ஜினியரிங்படி பார்த்தா இதுல யோசிக்க ஒண்ணுமே இல்ல. திறந்த வண்டி வெறும் ஷோ."

காலையில் பதில் வந்திருந்தது. "சரிடா. தேங்க்ஸ். எக்ஸாம் நல்லா எழுது."

எக்ஸாம் நல்லா எழுதவில்லை. அது வேற கதை.

அந்த வாரக் கடைசியில் கரூர் போனேன். கரூர் என்றால் எல்லாருக்கும் பெட்ஷீட், கொசுவலை ஞாபகம் வரும். எங்கள் வீட்டுக்குக் கரூர் என்றால் பஸ் பாடி. கம்பெனியிலிருந்து வெறும் சேசிஸாக வரும் வண்டிக்குப் பில்லர் நிறுத்தி, தரை போட்டு, கூரை மூடி பஸ்ஸாக்கி அனுப்பும் ஷெட்டுகள் எங்கள் ஊரில் நிறைய. அப்பா இப்போது அப்படி ஒரு ஷெட்டில் மேற்பார்வை. அதற்கு முன்னால் பல வருஷம் சேசிஸ் டிரைவர். எண்ணூரிலிருந்தோ ஓசூரிலிருந்தோ அந்த வெறும் சேசிஸை ஓட்டிக்கொண்டு வருவார். எண்ணூர் என்றால் ஏறக்குறைய 400 கிலோமீட்டர். கூரை கிடையாது, கதவு கிடையாது, முன்னால் கண்ணாடி கிடையாது. கட்டிவைத்த ஒரு சீட், தலையில் துண்டு, கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. ஹைவேஸில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டிலேயே பெரிய கன்வெர்ட்டிபிள் அதுதான்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார், "அக்கா ஏதோ காரு வாங்கறாளாமே, நீ என்னடா சொன்ன?"

பெருமையாகத் தீப்பெட்டியை எடுத்துக் காட்டினேன். அப்பா வாங்கி, உள்பெட்டியை விரலால் முறுக்கிப் பார்த்தார்.

"செரி. இது மெல்லிசு அட்டை. இதே உள்பெட்டிய மொத்த அட்டையில செஞ்சு, நடுவுல ஒரு முதுகெலும்பு குடுத்திருந்தா?"

"அப்ப முறுக்காது. ஆனா எடை கூடும்ப்பா."

"கூடட்டும். நான் கேக்கறது என்னன்னா, அந்தக் காரை மூடுன வண்டியா கட்டி அப்புறம் மேல அறுத்தாங்களா? இல்ல, மொதல்ல கோடு போடறப்பவே தெறந்த வண்டின்னு போட்டாங்களா?"

எனக்கு வாயில் சோறு நின்றுவிட்டது. அப்பா பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "எலெக்சன் வந்தா வேனைக் கொண்டாந்து, தலைவர் நின்னு பேசறதுக்கு மேல ஓட்டை போடச் சொல்லுவாங்க. ஓட்டையச் சுத்தி ஃபிரேம் குடுக்காம அறுத்துட்டா கொஞ்ச நாள்ல கதவு சாத்தாது. அறுக்கறது தப்பில்ல. அறுத்ததுக்கு ஈடு எங்க குடுத்தன்னுதான் பாக்கணும். நீ அதப் பாத்தியா?"

பார்க்கவில்லை. எட்டு தலைப்பு போட்டவன், அந்த ஒன்றைப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். படிக்கப் படிக்க வெட்கமாக இருந்தது.

எம்எக்ஸ்-5 அறுத்த வண்டி இல்லை. 1980-ல் எம்ஜிபி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மாதிரியான சின்ன பிரிட்டிஷ் திறந்த கார்களின் உற்பத்தி நின்றுபோனது. காலியான அந்த இடத்துக்கென்றே ஜப்பானில் யோசித்துச் செய்த வண்டி இது. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் முதன்முதலாக வைத்தார்கள். முதல் கோட்டிலேயே கூரை இல்லை. கூரை தாங்க வேண்டிய பாரத்தைக் கதவுக்குக் கீழே ஓடும் சில்லும், நடுவில் ஓடும் டனலும், தரையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினியச் சட்டம் இணைக்கிறது. 'பவர் பிளான்ட் ஃபிரேம்' என்று பெயர். அது பாடியை விறைக்க வைத்தது அல்ல. டிரைவ் லைன் நெளியாமல், ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் சக்கரம் பதில் சொல்வதற்காக வைத்தது. உருண்டால் தாங்க முன் கண்ணாடி ஃபிரேமைப் பலப்படுத்தி, சீட்டுக்குப் பின்னால் வளைவுகள் வைத்திருக்கிறார்கள். 2016-ல் பத்து லட்சமாவது எம்எக்ஸ்-5 தயாரானது. உலகத்தில் அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் இருப்பதும் இதுதான். இவ்வளவு பேர் 'வெறும் ஷோ' வாங்கியிருக்கிறார்கள் என்று நான் அக்காவுக்கு எழுதியிருந்தேன்.

அதைவிடப் பெரிய அடி எடையில். கன்வெர்ட்டிபிள்னா கனமாகத்தான் இருக்கும் என்று நினைத்து, பார்க்காமலே கூபேக்கு 8, எம்எக்ஸ்-5-க்கு 4 போட்டிருந்தேன். ஜிடி86 சுமார் 1,240 கிலோ. எம்எக்ஸ்-5 ஆயிரத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். ஏறக்குறைய 200 கிலோ கம்மி! நான் நினைத்தது ஒரே காரின் இரண்டு வடிவங்களுக்குப் பொருந்தும். கூபேயை அறுத்துக் கன்வெர்ட்டிபிளாக்கினால் ஈடுகட்டும் இரும்பு சேர்ந்து எடை கூடும். ஆனால் அக்கா கேட்டது இரண்டு வேறு வேறு கார்களைப் பற்றி. ஒன்று 4,240 மில்லிமீட்டர் நீளம், நான்கு சீட். இன்னொன்று 3,915 மில்லிமீட்டர், இரண்டு சீட். ஃபார்முலா சரி, போட்ட இடம் தப்பு. இன்டர்னலில் இதற்கு அரை மார்க் கூடக் கிடைக்காது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. டொயோட்டாவுக்கும் இந்த ஆசை வந்திருக்கிறது. 2013 ஜெனீவா கண்காட்சியில் எஃப்டி-86 ஓப்பன் என்று ஜிடி86-க்குத் துணிக் கூரை போட்டு ஒரு மாதிரி வண்டி வைத்தார்கள். அது கடைசிவரை கடைக்கு வரவில்லை. மூடிய வண்டியாகப் பிறந்தது மூடிய வண்டியாகவே இருந்துவிட்டது. அப்பா கேட்ட கேள்வியை இரண்டு கம்பெனி வரலாறே கேட்டுக்கொண்டிருக்கிறது.

அதற்காகக் கூபே தோற்றுவிட்டது என்று சொல்லவில்லை. பூட் இடம் ஜிடி86-ல் 243 லிட்டர், எம்எக்ஸ்-5-ல் 130. சூட்கேஸோடு ஊருக்குப் போகிறவருக்கு அது பெரிய வித்தியாசம். ஆட்டோபானில் 130 கிலோமீட்டர் வேகத்தில் துணிக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து போன் பேச நினைத்தால் கத்தித்தான் பேசணும். தெருவில் நிறுத்தினால் துணியை யாராவது பிளேடால் கிழித்துவிடுவார்களோ என்று பயம். வருஷம் முழுக்க ஒரே கார்தான், தினமும் அதில்தான் ஆபீஸ் போகணும் என்றால் இன்றைக்கும் கூபேதான் சொல்வேன். ஆனால் அக்கா தினமும் எதில் ஆபீஸ் போகிறாள்? எஸ்-பான் ரயிலில். கார் எதற்கு? யாருடன் போவதற்கு? எங்கே நிறுத்துவாள்? ஒன்றுமே நான் கேட்கவில்லை. கேட்காமலேயே மார்க் போட்டுவிட்டேன்.

மறுநாள் நானே கால் பண்ணினேன். "அக்கா, ஷீட்ல தப்பு பண்ணிட்டேன்"னு எடை விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்டா. ரெண்டையும் ஓட்டிப் பாத்தேன்ல."

"எப்படி இருந்துச்சு?"

"கூபே ரொம்ப நல்லா இருந்துச்சு. திருப்பத்துல தரையோட ஒட்டிப் போச்சு. ஆனா இன்ஜின் சத்தம் உள்ள கேக்கறதுக்குன்னே ஒரு குழாய் வெச்சிருக்காங்களாம். விக்கிறவர் பெருமையா சொன்னார்."

உண்மைதான். இன்டேக் சத்தத்தை உள்ளே கொண்டுவர ஜிடி86-ல் 'சவுண்ட் கிரியேட்டர்' என்று ஒரு குழாய் உண்டு. கூரையை மூடிவிட்டு, சத்தத்துக்கு மட்டும் ஒரு வழி.

"இன்னொண்ணு?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். "உன் ஷீட்ல ஒரு காலம் கம்மிடா. உனக்கு ஞாபகம் இருக்கா, நீ ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறப்ப அப்பா சேசிஸ்ல உன்ன உக்கார வெச்சு, பெட்ரோல் பங்க்ல இருந்து ஷெட் வரைக்கும் கூட்டிட்டுப் போனாரு?"

ஞாபகம் இருந்தது. நன்றாகவே. ஆறு வயது. அப்பா மடியில் நான். பெரிய ஸ்டியரிங். முகத்தில் அடித்த காற்றில் மூச்சே விட முடியவில்லை. பள்ளத்தில் இறங்கும்போது சேசிஸ் முன்பக்கம் ஒரு பக்கமும் பின்பக்கம் ஒரு பக்கமும் நெளிந்தது. (என் வாழ்க்கையின் முதல் டார்ஷன் டெஸ்ட்.) ஹாஸ்டலில் குறைந்தது பத்துப் பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். ஏன் ஆட்டோமொபைல் எடுத்தேன் என்று காலேஜில் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன்.

"அன்னிக்கு நானும் பங்க்ல நின்னேன். நானும் வரேன்னேன். பொம்பளப் புள்ள, ரோட்டுல எல்லாரும் பாப்பாங்க, நீ சைக்கிள்ல வான்னுட்டாரு. உங்க பின்னாடியே மிதிச்சுக்கிட்டு வந்தேன். எனக்குப் பதிமூணு வயசு."

பத்துப் பேரிடம் சொன்ன கதையில் ஒரு தடவைகூட அந்தச் சைக்கிள் வந்ததில்லை.

"அதுக்காகன்னு இல்லடா," என்றாள் உடனே. "டெஸ்ட் டிரைவ்ல கூரையத் தள்ளினதும் அது ஞாபகம் வந்துச்சு. அவ்ளோதான். சரி, சொல்லு, குளிர்காலத்துல துணிக் கூரைய எப்படிப் பாத்துக்கறது?"

அன்றைக்குத்தான் நான் உருப்படியாக ஆலோசனை சொன்னேன். ஜெர்மனியில் சீசன் நம்பர் பிளேட் என்று ஒன்று இருக்கிறது. எந்த மாசத்திலிருந்து எந்த மாசம் வரை என்பது பிளேட்டின் வலது ஓரத்திலேயே ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சாகியிருக்கும். அந்த மாசங்களுக்கு மட்டும் வரி, இன்ஷூரன்ஸ் போதும். மற்ற மாசங்களில் ஓட்டவும் கூடாது, பொதுத் தெருவில் நிறுத்தவும் கூடாது. அதனால் மூடிய இடம் ஒன்று வேணும். அவள் தோழி வீட்டு கராஜ் காலியாக இருந்தது. பழைய கன்வெர்ட்டிபிள் வாங்கும்போது பார்க்க வேண்டியதையும் லிஸ்ட் போட்டுக் கொடுத்தேன். துணி மடியும் ஓரத்தில் தேய்மானம் இருக்கா, பின் கண்ணாடி ஒட்டிய இடம் விட்டிருக்கா, தண்ணீர் வடியும் துளைகள் இலை அடைத்துக் கிடக்கா, மேட்டைப் பார்த்து நீரடித்தால் உள்ளே கார்ப்பெட் நனையுதா, ஒரு சக்கரத்தை நடைமேடை ஓரத்தில் ஏற்றி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து மூடினால் சரியாகச் சாத்துதா. கடைசி டெஸ்ட் அப்பா சொன்னது.

எம்எக்ஸ்-5 வாங்கினாள். பிளேட்டில் 04, அதற்குக் கீழே 10.

மே மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இருந்தபோது வீடியோ கால் வந்தது. அக்கா ஓட்டிக்கொண்டிருந்தாள், பக்கத்து சீட்டில் தோழி போனைப் பிடித்திருந்தாள். பிளாக் ஃபாரஸ்ட் மலை மேல் பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் போகும் பி500 சாலை. இரண்டு பக்கமும் உயரமான மரங்கள். காற்றுச் சத்தத்தில் அவள் பேசியது பாதி கேட்கவில்லை. அப்பாவிடம் போனைக் கொடுத்தேன்.

அப்பா முதலில் வண்டியைத்தான் பார்த்தார். "கண்ணாடி ஃபிரேம் ஆடுதா பாரு" என்று என்னிடம் கிசுகிசுத்தார். ஆடவில்லை. அதற்கு அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. ரோட்டையும் அவள் கையையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா எட்டிப் பார்த்து, "தலையில ஒரு துணி கட்டிக்கச் சொல்லுங்க" என்றாள்.

"அம்மிணி," என்று அப்பா சத்தமாகக் கூப்பிட்டார். "கண்ணுல தூசி விழும். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கோ. நான் போட்டுக்குவேன்ல, அந்த மாதிரி."

அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை. தலையை ஆட்டினாள். திருப்பத்துக்காகவும் ஆட்டியிருக்கலாம்.

அடுத்த செமஸ்டர் டிசைன் புராஜெக்ட்டுக்கு எங்கள் டீமில் மறுபடி ஒரு ஒப்பீட்டு ஷீட் போட வேண்டி வந்தது. பழைய ஃபைலையே திறந்தேன். முறுக்கு விறைப்பு முதல் காலமாக இருந்தது. அதற்கு இடது பக்கம் இரண்டு காலம் புதிதாகச் சேர்த்தேன். ஒன்றில் 'முதல் கோட்டிலேயே இப்படியா?' என்று எழுதினேன். அதற்கும் முன்னால் 'யாருக்கு?' என்று எழுதினேன். அந்த இரண்டுக்கும் மார்க் கிடையாது. ஆனால் அவை நிரம்பும்வரை மற்ற எதற்கும் மார்க் போடக் கூடாது என்று டீமில் சொல்லிவிட்டேன். "ஏன்டா?" என்றார்கள். தீப்பெட்டியை எடுத்துக் காட்டினேன். இந்தத் தடவை அந்தச் சைக்கிளையும் சேர்த்தே சொன்னேன்.